சிப்பிகாட் பழைய ரோடு

நந்தகுமார் வேலைக்குப் போகத் தண்ணீருக்கு அடியில் கிடந்த பழைய ரோட்டில் கார் ஓட்டத் தொடங்கியபோது போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு முன்பே மீன் வண்டிக்காரர்களும் தேங்காய் லோடு அடிப்பவர்களும் அதில் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். சுனாமி வந்த அன்று காலை, அலைக்கு முந்திய பூகம்பத்திலேயே சிப்பிகாட் பக்கத்து நிலம் கீழே இறங்கிவிட்டது. வயலும் ரோடும் சில வீடுகளும் கடலுக்குள் போயின. உள்ளே வந்த கடல் திரும்பிப் போகிற வழியாக இல்லை. சர்க்கார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மண்ணைக் கொட்டி உயர்த்திப் பக்கத்திலேயே புது ரோடு போட்டது. பழைய ரோடு தார் கூடப் பெயராமல் அடியில் அப்படியே கிடந்தது. சிறிய பாலத்துக்குப் பக்கத்தில் சேற்றுச் சரிவாக இருக்கும் இடம்தான் அதற்கு வாசல். காரை இறக்கினால் தண்ணீர் கண்ணாடிக்கு மேல் ஏறி மூடிக்கொள்ளும், இன்ஜின் நிற்காது, ஏசி மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குளிரும். இரண்டு பக்கமும் அந்த டிசம்பர் மாத நெல் அறுக்க ஆளில்லாமல் இன்னும் முற்றி நிற்கும்.

நந்தகுமார் விருதுநகர்க்காரன். பண்ணை ஒன்றில் சர்க்கார் வேலை கிடைத்து மெயின்லேண்டிலிருந்து வந்தவன். வீடு ஜங்லிகாட்டில், பண்ணை சிப்பிகாட்டைத் தாண்டி எங்கோ கோடியில். நடுவில் புது ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று தொடங்கிய வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. காராச்சாரமா தாண்டியதும் ஜேசிபி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும். அதன் பின்னால் ஜல்லி லாரி, ஸ்கூல் பஸ், வண்டூர் பீச்சுக்குப் போகும் டூரிஸ்ட் வேன்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். "இத்துனூண்டு தீவுல எங்கடா போறீங்க இத்தன பேரும்?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே கத்துவான். வீட்டுக்கு வந்தால் அந்த எரிச்சல் சாம்பார் மீதும் பிள்ளைகள் மீதும் இறங்கும். அவன் முகம் கழுவிவிட்டு வரும்வரை அவன் மனைவி அகிலா வாயே திறக்கமாட்டாள். பழைய ரோட்டுக்கு மாறிய பிறகு மனிதன் தங்கமாகிவிட்டான். காரின் அடிப்பாகத்தை உப்பு அரித்தது, மிதியடியில் மீன் செதில் கிடந்தது. அதைப் பெருக்கித் தள்ளுவது அவ்வளவு பெரிய வேலையா என்ன என்றுதான் அகிலாவும் முதலில் நினைத்தாள்.

ஆனால் அந்த ரோட்டுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. பாதி வழியில் பழைய பஸ் ஸ்டாப் ஒன்று உண்டு. அதன் சிமெண்டுக் கூரைக்குக் கீழே, அன்று தண்ணீரோடு போனவர்கள் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இந்தத் தீவுகளில் ரோட்டோரம் நின்று கை நீட்டியவரை ஏற்றிக்கொள்ளாமல் போகிற வழக்கம் கிடையாது. மீன் வண்டிக்காரர் மிக்கேல் அந்தப் பழக்கத்தில்தான் ஒருநாள் ஒச்சம்மா என்ற கிழவியை ஏற்றிக்கொண்டார். வண்டி அந்தப் பக்கம் மேலே ஏறி வெயிலுக்கு வந்தபோது, பக்கத்து சீட்டில் வந்த மைத்துனன் கிளமெண்ட்டைக் காணவில்லை. அவன் இருந்த இடத்தில் ஒச்சம்மா ஈரப் புடவையோடு உட்கார்ந்து, இப்போது தேங்காய் என்ன விலை என்று கேட்டாள். மிக்கேலின் மனைவி லூசி தம்பிக்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கிழவியை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று ஒரு வாரம் அடம்பிடித்தாள். பிறகு பாவம் கிழவி என்ன செய்வாள் என்று டீ கொடுக்க ஆரம்பித்தாள். ஒச்சம்மாவுக்கு ஆதார் கார்டும் வந்துவிட்டது. ரோட்டில் இறங்கியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர்தான் மேலே ஏற முடியும், யார் கீழே நிற்பது என்பதை ரோடே பார்த்துக்கொள்ளும் என்று அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பஸ் ஸ்டாப் வரும்போது டிரைவர்கள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு நேரே பார்த்துக்கொண்டு போனார்கள்.

அகிலா அந்த ரோட்டில் ஒருநாளும் போனதில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கே அவள் போனதில்லை. அவள் பிறந்தது கட்சால் தீவில், சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய ரப்பர் எஸ்டேட்டில். அந்தக் காலையில் அவளுடைய அக்கா புஷ்பா அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தண்ணீர் டாங்க் ஏணியில் ஏற்றிவிட்டாள். அடுத்த படியில் தான் கால் வைப்பதற்குள் போய்விட்டாள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, ஒரு வயதுதான் மூத்தவள். போர்ட் பிளேரில் எந்த மேட்டில் நின்றாலும் கடல் தெரியும். அகிலா மலைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே மார்க்கெட் போய்வரப் பழகியிருந்தாள். தன் இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக்கூடத் தண்ணீருக்குக் கொடுக்கக் கூடாது. சாமியிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மூத்தவள் கார்த்திகாவுக்குப் பதினோரு வயதானபோது பீச்சுக்குப் போகவேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். "கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. தீவுல இருந்துகிட்டு பீச் பாக்காத ஃபேமிலி நாம மட்டுந்தான்" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். சின்னவன் குணாவும் சேர்ந்துகொண்டான். அகிலா கடைசியில் இறங்கி வந்தாள். தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது, மேல் ரோட்டில்தான் போகவேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டாள். நந்தகுமார் சத்தியம் செய்தான். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டு வண்டூருக்குக் கிளம்பினார்கள்.

காராச்சாரமா தாண்டியதும் ஜேசிபி நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்கு லீவு இருக்கும் என்று நம்பியவர்கள் எல்லோரும் அதன் பின்னால் நின்றார்கள். வெயில் ஏறியது. எலுமிச்சைச் சோற்று வாசம் கார் முழுக்கப் பரவி, குணாவுக்கு வயிற்றைப் புரட்டியது. முன்னால் நின்ற வேனிலிருந்து டூரிஸ்ட்டுகள் இறங்கி நின்று ஃபோட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். நந்தகுமாரின் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதை அகிலா கவனித்தாள்.

"இப்பிடியே போனா சாயங்காலம் கொசுவத்தான் பாக்கணும்" என்றான்.

"பரவால்லங்க. நிப்போம். இல்லாட்டி வாபஸ் வீட்டுக்கே போயிருவோம்."

"அதுக்கா காலையிலேருந்து இந்தப் பாடு? அஞ்சு நிமிசம், அகிலா. நான் தெனம் போறேன்ல. நீ கண்ண மூடிக்க."

அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார் வரிசையை விட்டுத் திரும்பி, முன் சக்கரங்கள் பாலத்துப் பக்கச் சேற்றில் இறங்கிவிட்டன. அகிலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கண்ணாடிக்கு மேல் தண்ணீர் ஏறி மூடிய சத்தம் கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மீன், நெல், அதோ ஒரு சைக்கிள் என்று குணா சொல்லிக்கொண்டே வந்தான், வயிற்றுப் புரட்டல்கூட நின்றுவிட்டது. நந்தகுமார் பாட்டுச் சத்தத்தைக் கூட்டியபோது எந்த இடம் வருகிறது என்று அகிலாவுக்குப் புரிந்தது. கண்ணைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தாள்.

"அம்மா, ஒங்கள மாதிரியே ஒரு அக்கா நிக்கிறாங்க" என்றாள் கார்த்திகா.

அகிலா கண்ணைத் திறந்துவிட்டாள். அந்த மஞ்சள் சுடிதார் தீபாவளிக்கு எடுத்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. புஷ்பா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கட்சாலில் போனவள் சிப்பிகாட்டில் நிற்பது எப்படி என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். வண்டி வருகிற இடத்துக்குத்தானே ஆள் நடந்து வந்து நிற்கும், இதில் கேட்க என்ன இருக்கிறது? அகிலா அந்த நேரத்தில் எதையும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள், கிளமெண்ட் கதையைப் பிள்ளைகளுக்கே சொல்லிப் பயமுறுத்தியவள், "நிறுத்துங்க!" என்று அலறினாள். ஒருநாளும் அங்கே பிரேக்கை மிதித்திராத நந்தகுமார் மிதித்துவிட்டான்.

புஷ்பா பின் கதவைத் திறந்து குணாவைத் தள்ளி உட்காரச் சொல்லி ஏறிக்கொண்டாள். "எவ்ளோ நேரமா நிக்கிறேன் தெரியுமா? ஒரு வண்டியும் நிக்கல" என்றாள். பிறகு முன் சீட்டில் திரும்பிய முகத்தைப் பார்த்து, "அகிலாவா? என்னடி இப்பிடி வளந்துட்ட!" என்று சிரித்தாள். அகிலா அவள் கையைப் பிடித்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஒரு கணம் அவளுக்கு எல்லையில்லாத சந்தோஷம், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அடுத்த கணம் கார் மெல்ல நகர ஆரம்பித்திருந்தது, நந்தகுமாரின் முகம் வெளுத்திருந்தது, தூரத்தில் ரோடு மேலே ஏறும் இடம் வெளிச்சமாகத் தெரிந்தது.

நான்கு பேராக இறங்கிய கார் அது. ரோடு யாரை எடுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. குணா புஷ்பாவின் சுடிதார் நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கார்த்திகா ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். ரோடு எடுக்கும்வரை காத்திருக்க அகிலாவுக்கு மனம் வரவில்லை. சீட் பெல்ட்டை விடுவித்துக் கதவைத் திறந்து இறங்கினாள்.

"அக்கா, குணாவுக்கு வண்டியில வாந்தி வரும். கவர் முன்னாடி பாக்ஸ்ல இருக்கு" என்றாள். "அவரு மொகம் கழுவி வர்ற வரைக்கும் எதுவும் கேக்காத." கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைத் தட்டினாள். "போங்க. ஜல்தி."

பின் கதவைத் திறக்கப் புஷ்பா முட்டி மோதியது வெளியே தெரிந்தது. கார்த்திகாவின் வாய் அம்மா அம்மா என்று அசைந்தது. கார் போய்விட்டது. ஆக்ஸிலேட்டரைத் தான் மிதிக்கவில்லை என்று நந்தகுமார் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்று வண்டூர் மணலில் நான்கு பேரும் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள் என்றும், எலுமிச்சைச் சோற்றை யாரும் பிரிக்கவில்லை என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு நந்தகுமார் பழைய ரோட்டில் இறங்கவில்லை. பாதி வழியில் அவளைப் பார்த்தால் நிறுத்திவிடுவான், நிறுத்தினால் அவள் ஏறமாட்டாள், அது அவனுக்குத் தெரியும். ஜேசிபிக்குப் பின்னால் லாரிகளோடு வரிசையில் நின்றே வேலைக்குப் போனான். ஒருநாளும் ஹார்ன் அடிக்கவில்லை. புஷ்பா ஜங்லிகாட் வீட்டில் பெரியம்மாவாக இருந்து பிள்ளைகளை வளர்த்தாள். தங்கையின் புடவைகளை அவள் தொடவில்லை, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அகிலா பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனாள். நின்றவர்கள் தள்ளி இடம் விட்டார்கள். அங்கே பசி கிடையாது, வயதும் ஏறாது. முதல் வருடம் முழுவதும் அழுதாள். எல்லோரும் கை நீட்டும் இடத்தில் அவள் மட்டும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கிளமெண்ட் நின்றான். அவனைப் பார்க்க மிக்கேல் தினமும் வந்தார். வண்டியை நிறுத்தாமல், ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சேதி சொல்லிவிட்டுப் போவார். "தங்கச்சி, கார்த்திகா பத்தாவது பாஸ்." "குணாவுக்குக் காய்ச்சல் விட்டுட்டு." அங்கே நிற்பவர்களின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இப்படி உருட்டிக்கொண்டு வரத் தொடங்கியதில், பழைய ரோட்டிலும் காலை நேரங்களில் வண்டிகள் தேங்கின. அவசரக்காரர்கள் மேல் ரோடே தேவலை என்று திரும்பிவிட்டார்கள்.

ஏழாவது வருடம் ஒரு காலையில் மிக்கேல், "கார்த்திகா லைசென்ஸ் எடுத்துட்டா, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு உருண்டு போனார். நல்ல சேதி என்றுதான் சொன்னார். அன்றிலிருந்து அகிலாவுக்கு நிலைகொள்ளவில்லை. அந்தச் சேற்றுச் சரிவை அடைத்துவிடச் சொல்லுங்கள் என்று மறுநாள் வண்டியோடு கூடவே நடந்து கெஞ்சினாள். "ஊருக்கே தெரிஞ்ச வழிய எப்பிடிம்மா அடைக்க?" என்றார் அவர்.

அந்த வாரமே அவர்கள் கார் வந்தது. அடிப்பாகம் துருவேறி, ஒரு விளக்கு மட்டும் எரிந்தபடி வந்து பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நின்றது. உள்ளே கார்த்திகா மட்டும் இருந்தாள். எட்டிக் கையை நீட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்கம்மா. நான் எறங்கிக்கிறேன்."

அகிலா கதவை வெளியிலிருந்து சாத்தினாள். கண்ணாடி இறங்கியது. மகளிடம் சொல்ல ஏழு வருடப் பேச்சு இருந்தது. "சாப்ட்டியா?" என்று மட்டும்தான் வந்தது.

"ம். உப்மா."

"ரோட்டப் பாத்துப் போ. சலோ."

அன்று போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். அவளுடைய காலேஜ் இருப்பது ஊருக்குள், வேறு திசையில். ஆனாலும் காலையில் அப்பாவுக்கு முன்னால் சாவியை எடுத்துக்கொண்டு இந்த வழியாகத்தான் வருகிறாள். புஷ்பாவும் நந்தகுமாரும் தடுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். பின்னால் நிற்கும் வண்டிகள் இப்போது பழகிக்கொண்டன, ஒரு தடவைக்கு மேல் ஹார்ன் அடிப்பதில்லை. என்ன சாப்பிட்டாய், தம்பி படிக்கிறானா, பெரியம்மாவுக்குத் தலைவலி விட்டதா என்று அகிலா கேட்பாள். கதவைத் தொடாமல் ஒரு கை தூரத்தில் நின்றுதான் கேட்பாள். பேச்சு முடியும்வரை கார்த்திகாவின் இடது கை சீட் பெல்ட் பொத்தான் மேலேயே இருக்கிறது. வளர்ந்துவிட்ட மகளின் முகத்தை அகிலா இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு பேசுகிறாள்.