செவ்வாய்க்கிழமை வாங்கிய பெல்ட்

“அந்த ஆணியள்ல ஒருத்தரும் கை வெக்கப்படாது!”

கத்தியது ஸக்கியா. குசினி வாசலில் நின்றாள். பின்முற்றத்துக் குழாயடியில் உடுப்புக் கழுவும் மெஷினைத் தூக்கப்போன நான்கு ஆண்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

அடக்குமுன் மையத்தைக் குளிப்பாட்ட இடம் வேண்டும். குழாயும் சீமெந்துத் தரையும் தண்ணீர் வடியும் கானும் அந்த வீட்டில் அங்கே மட்டும்தான் இருந்தன. காலையில் அதே இடத்தில்தான் அவள் புருஷன் நளீர் மெஷினைச் சரித்துப் போட்டு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான். எட்டரைக்கு நெஞ்சைப் பிடித்தான். ஓட்டோ வருமுன் முடிந்துவிட்டது.

அவன் மெஷினின் திருகாணிகளைக் கழற்றி ஒரு ஜாம் போத்தல் மூடியில் வைத்திருந்தான். யாரோ அதைக் காலால் தட்டிவிட்டிருந்தார்கள். ஸக்கியா குந்தியிருந்து பொறுக்கினாள். கானுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். எல்லாவற்றையும் சால்வை முனையில் முடிந்தாள்.

“மதினி, இந்த நேரத்துல...” என்றான் நளீரின் தம்பி றிஸ்மின்.

“தூக்குங்க. பாத்துத் தூக்குங்க. பெல்ட் கழண்டுடும்.”

மெஷினைச் சுவரோரம் கிடத்தினார்கள். சுற்றிவரச் சீலை கட்டி மறைத்தார்கள். ஸக்கியாவை உள்ளே கூட்டிப்போய் வெள்ளை உடுத்தி இருத்தினார்கள். இனி நாலு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டோடு இத்தா இருக்கவேண்டும்.

யன்னலுக்கு வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தமும் குளிப்பாட்டுகிறவர்களின் பேச்சும் கேட்டன.

“நகத்துக் கறுப்புப் போகுதில்லயே.”

“ஈர்க்கால எடுங்க. தண்ணி படோணும்.”

“இது கிறீஸ். மண்ணெண்ண போட்டாத்தான் போகும்.”

“மையத்துக்கு மண்ணெண்ணயா? பேசாமத் தேயுங்க.”

பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா ஸக்கியாவின் முதுகைத் தடவினாள். “பொஞ்சாதிக்கி வேல செஞ்சிக்கிட்டே மவுத்தான மனிசன். இப்பிடி ஒரு மாப்புள யாருக்குக் கெடைக்கும்?”

ஸக்கியா பல்லைக் கடித்தாள்.

மூன்று வருஷமாக அந்த மெஷினுக்கு அவன் போட்டதெல்லாம் வெங்காயத் தோட்டத்துப் பம்பின் பெல்ட். இரண்டு மாதத்தில் தேய்ந்து வழுக்கும். தொழுகைச் சீலையெல்லாம் எரிந்த றப்பர் மணக்கும். “சுத்துற எல்லாத்துக்கும் பெல்ட் ஒண்டுதான்” என்பான். “அப்ப ஒங்கட சாரத்தையும் வெங்காயத்தோட அலசுங்க” என்பாள். கடைசிப் பெல்ட் அறுந்து மூன்று கிழமை. மூன்று கிழமையும் கையால் கழுவினாள். ஒரு நாளும் வாய் ஓயவில்லை.

மகள் நப்லா ஒரு மட்டைப்பெட்டியோடு வந்தாள். “ம்மா, குழாயடியில கெடந்த. எறியவா?”

புது பெல்ட் வந்த பெட்டி. மெஷினுக்கே உரிய பெல்ட். உள்ளே கடைக்காரன் கொடுத்த பில் துண்டு மடிந்து கிடந்தது. ஸக்கியா விரித்துப் பார்த்தாள். சிலாபம். செவ்வாய்க்கிழமைத் திகதி. காலை பத்து இருபது.

செவ்வாய்க்கிழமை புத்தளத்தில் அவனுக்கு நெஞ்சுக் கிளினிக். ஆறேகால் பஸ்ஸில் போனான். இரண்டு மணிக்கு வந்தான். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். “வாய்வாம்” என்றான். பெல்ட்டைத் தூக்கிக் காட்டினான். புத்தளத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது என்றான். சிரித்தான். சிலாபம் புத்தளத்திலிருந்து இன்னும் ஒன்றரை மணித்தியாலப் பஸ்.

ஸக்கியா எழுந்து அலுமாரியைத் திறந்தாள். பொலித்தீன் பைக்குள் கிளினிக் கொப்பி இருந்தது. கடைசியாக எழுதியிருந்தது போன மாதத் திகதி. அதன் கீழே வெறும் கோடுகள்.

“ஒங்கட வாப்பா பொய்யன்” என்றாள்.

“ம்மா! ஆக்கள் இரிக்கிறாங்க.”

“பச்சப் பொய்யன்.”

“என்ன பொய் சொன்ன?”

ஸக்கியா அலுமாரியை அடித்துச் சாத்தினாள். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை விடிய, படலையைத் திறந்துகொண்டு போனவனின் முதுகுக்குப் பின்னால் அவள் சொன்னதை. “பெல்ட் இல்லாம இந்தப் படிய மிதிக்கப்படாது.”

அஸர் தொழுகை நேரத்தில், மையத்தைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

அடக்கிவிட்டு வந்த றிஸ்மின் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினான். “மதினி, மெஷின லொறியில ஏத்திக் கடையில குடுக்கிறன். இத்தா முடியும் மட்டும் வெளி ஆம்புளய இங்க எடுக்கேலா.”

“வேணாம்.”

“அதப் பாக்கப் பாக்க ஒங்களுக்குத்தான்...”

“வேணாம் எண்டன். ஒங்கட நானா அரகொறயா உட்டதெல்லாம் முடிச்ச நான்தான். கோழிக்கூட்டுக்குக் கதவு யாரு போட்ட? கக்கூசுக்குக் கூர யாரு போட்ட? அவரா?”

றிஸ்மினின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது.

ஸக்கியா பின்பக்கம் போனாள். தரை இன்னும் ஈரம். கற்பூர வாசம் இருந்தது. மெஷினின் அடியில் பெல்ட் சின்னச் சில்லில் முழுதாகவும் பெரிய சில்லில் பாதியாகவும் மாட்டியிருந்தது. அவ்வளவுக்குத்தான் அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு பம்பு பெல்ட்டுக்கும் டோர்ச் பிடித்தவள் அவள். பெல்ட்டை விளிம்பில் அழுத்திப் பிடித்து, பெரிய சில்லை மற்றக் கையால் சுழற்றினாள். இறுகியது. இன்னும் பலமாகச் சுழற்றினாள். டக்கென்று ஏறி உட்கார்ந்தது.

மோட்டரை இழுத்துப் பிடித்து அவனுடைய ஸ்பேனரால் முறுக்கினாள். சால்வை முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வோர் ஆணியையும் அது யாரோ ஒருவனின் குரல்வளை என்பதுபோல இறுக்கினாள்.

நப்லா வந்து பார்த்தாள். மற்றப் பக்கம் பிடித்தாள். இருவருமாக மெஷினை நிமிர்த்தினார்கள்.

காலையில் அவன் உடுத்திருந்த சாரம் குழாயடி மூலையில் கிடந்தது. ஸக்கியா அதைத் தூக்கி உள்ளே போட்டாள். சுவிச்சைத் தட்டினாள். தண்ணீர் நிறைந்தது. மெஷின் ஒருமுறை உறுமிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. றப்பர் மணக்கவில்லை.

“என்ன புள்ள இது?” றஹ்மத் உம்மா வாசலில் நின்றாள். “மையத்துப் போயி மூணு மணித்தியாலம் ஆகல்ல. உடுத்த வெள்ளயெல்லாம் கறுப்பு. மஃரிபுக்குப் பாங்கு சொல்லப்போகுது. நல்லாச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, நகத்தப் பாருங்க, அதுல தண்ணி படாட்டித் தொழுக கூடாது.”

ஸக்கியா குழாயைத் திறந்தாள். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். உள்ளங்கை வெளுத்தது. நகத்துக் கறுப்புப் போகவில்லை.

நப்லா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து வந்து நீட்டினாள்.

ஸக்கியா அதை வாங்கினாள். கானில் போட்டாள். மெஷினிலிருந்து வந்த நுரைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது.