மேக்காடு எஸ்டேட்டின் ஐந்தாவது மாஸ்டர்

மேக்காடு எஸ்டேட்டின் பந்தாட்டக் குழுவுக்கு இருபத்து மூன்று வருஷத்தில் நாலு மாஸ்டர்கள் வந்து போனார்கள். ஒருவர்கூட ஒழுங்காக விடைபெற்றுப் போகவில்லை. முதலாமவர் ஃபாக்டரி இஞ்சினியர் துரை. தோல்பந்தை இந்த மலைக்குக் கொண்டுவந்த மகாராஜன் அவர்தான். மூன்றாம் மழைக்குள் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டாமவர் கம்பவுண்டர் கந்தப்பன். ஒரு சனிக்கிழமை குமுளியிலிருந்து கம்பத்துக்கு மலை இறங்கினார், போய்ச் சேரவில்லை. மூன்றாமவர் குருசாமி. ஒரே மாதத்தில் வேலையை உதறிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "நான் பேசும்போது பயலுக என்னயப் பாக்கலய்யா, எனக்குப் பின்னால பாக்குறானுக" என்றாராம். மனுஷன் குடித்திருப்பார் என்று எஸ்டேட் முடிவுகட்டிக்கொண்டது. எஸ்டேட்டுக்கு எதற்கும் ஒரு முடிவு உடனே வேண்டும்.

நாலாமவர் நல்லமுத்து கங்காணி. பதினோரு வருஷம் ஆட்டிவைத்தார். எதிர்த்து ஆடும் வண்டன்மேட்டு ஏலத்தோட்டக்காரர்கள் அவர் பேரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். அவரும் போனார். பழக்க ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மஞ்சு மூட்டமாக இறங்கிக் கண்ணை மறைக்க, கிழக்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விழுந்துவிட்டார். உடலை மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகு மூன்று வருஷம் மாஸ்டரின் விசிலைத் தொட ஆள் இல்லை.

1932இல் தொட்டவன் மத்தியாஸ். ஃபாக்டரியில் ஃபிட்டர். நல்லமுத்துவின் கீழ் ஆடியவன், தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தவன். அவன் தம்பி சிலுவைராஜ்தான் குழுவில் முன்னால் ஆடுகிறவன். இவர்களுக்கு நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகளைக் காலராவுக்குக் கொடுத்தவள் அம்மா செபமாலையம்மாள். மைதானத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்.

"ஏல மத்தியாசு, கூட்டிட்டுப் போறவனைக் கூட்டிட்டு வந்திரணும்."

மலையில் மஞ்சு இறங்கினால் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நிறுத்துவதென்றால் பாதி வருஷம் ஆடவே முடியாது. ஆகையால் மாஸ்டர் கோலுக்குப் பின்னால் நின்று விசில் ஊதுவார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் சத்தம் வரும் திக்குக்குப் பந்தைக் கொண்டுபோக வேண்டும். எதிராளிகள் சும்மா இருப்பார்களா? தப்பான பக்கம் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், "நில்லு நில்லு" என்று அலறுவார்கள். எனவே மேக்காட்டில் முதல் பாடமே இதுதான்: எந்தக் குரலையும் நம்பாதே, பெற்றவன் கூப்பிட்டாலும் நிற்காதே, விசிலுக்கு மட்டும் வா.

மத்தியாஸின் விசிலுக்கு ஒருவனும் வரவில்லை. மூன்று வாரம் ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம். ஆட்டக்காரர்கள் மஞ்சுக்குள் திசை தெரியாத மாடுகளாக நின்றார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. ஒருநாள் வீம்பில் நல்லமுத்துவின் கூப்பாட்டை ஊதினான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அடுத்த நிமிஷம் பதினோரு பேரும் ஒரே ஓட்டமாக அவன் முன்னால் வந்து நின்றார்கள். மத்தியாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அது செத்தவரு கூப்பாடுண்ணே, வேண்டாம்" என்றான் சிலுவைராஜ்.

"விசில்ல செத்தவன் விசிலு, இருக்கவன் விசிலுன்னு உண்டாலே? போய் ஆடு."

மறு ஞாயிறு, கோயில் பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். மத்தியாஸ் எப்போதும்போல மேற்குக் கோலுக்குப் பின்னால் நின்றான். கிழக்குப் பக்கம் அவன் போவதே இல்லை. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் மஞ்சு வந்து மைதானத்தை விழுங்கியது. எங்கிருந்தோ உருண்டு வந்த பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. தேடிக்கொண்டு போனான். பந்து உருளும் சத்தம் முன்னால் கேட்டுக்கொண்டே இருந்தது, கையில்தான் அகப்படவில்லை. வெகுதூரம் நடந்துவிட்டோமோ என்று நின்று திரும்பினான். கோல்கம்பத்தைக் காணோம்.

சரி, ஊதினால் பயல்கள் வந்துவிடுவார்கள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை ஊதினான்.

எதிர்ப் பக்கத்திலிருந்து அதே கூப்பாடு திரும்பி வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

 அந்தப் பக்கம்தானே பள்ளம்! அங்கே நின்று கூப்பிடுகிறது யார்? தம்பி அந்தச் சத்தத்துக்கு ஓடிவிட்டால்? மத்தியாஸ் நெஞ்சு வெடிக்க ஊதினான். அதுவும் ஊதியது. இவன் விடவில்லை. கடைசியில் புல்மேல் தடதடவென்று காலடி இவன் பக்கம் திரும்பியது. சிலுவையின் ஓட்டம். ஆயிரம் காலில் அதை அடையாளம் சொல்வான். மாதாவே, வந்துவிட்டான். அவனைப் பிடித்துக்கொள்வதற்காக ஓர் அடி பின்னால் வைத்தான்.

குதிகாலுக்குக் கீழே தரை இல்லை.

தடுமாறி முன்னால் விழுந்தான். அவன் காலில் இடறிய கல் கீழே போயிற்று. அது எங்கும் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. பந்துக்குப் பின்னால் போய்த் திசை மாறி, கிழக்குப் பள்ளத்தின் விளிம்பில் நின்று தம்பியைக் கூப்பிட்டது தான்தான் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"நில்லுல! சிலுவ, வராத! நில்லு!"

காலடி நிற்கவில்லை. குரலுக்கு நிற்காதே என்று பழக்கிய பழக்கம் அப்படி. இருபது அடி இருக்கும். பதினைந்து.  மத்தியாஸ் தன்னையும் மீறி, மஞ்சுக்கு அப்பால் நிற்கும் அந்த ஆளிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கங்காணி, நீங்க கூப்பிடுங்க. அவனை நீங்க கூப்பிட்டுக்கோங்க."

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. காலடி நின்றது. பிறகு திரும்பி, வந்த வழியே போயிற்று.

மத்தியாஸ் புல்லைப் பற்றிக்கொண்டு குப்புறக் கிடந்தான். குழந்தைபோல அழுதான். மஞ்சு விலக வெகுநேரம் ஆயிற்று. விலகியதும் எழுந்து மைதானத்தைத் தாண்டி மேற்குக் கோலுக்கு ஓடினான்.

பதினோரு பேரும் அங்கே அரைவட்டமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோல்கம்பத்துக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லாக் கண்களும் ஒரே உயரத்தில், நல்ல நெடிய ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் நிலைத்திருந்தன. நடுநடுவே தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒரு முறை எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சிலுவைராஜ் அண்ணனைக் கண்டு ஓடிவந்தான். முகமெல்லாம் வேர்வை. இவ்வளவு சந்தோஷமாகத் தம்பியை அவன் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நாளையிலருந்து நீ வர வேண்டாமாம்."

 மத்தியாஸ் தம்பியின் கையை இறுகப் பிடித்தான். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"வீட்டுக்கு வால. அம்மா தேடுவா."

சிலுவைராஜ் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பிரித்தெடுத்தான்.

"நான் எப்படிண்ணே வர முடியும்? நீதான என்னய அவருகிட்ட ஒப்படைச்ச?"

சொல்லிவிட்டு, விசில் கூப்பிட்ட திக்குக்கு ஓடினான்.