மேற்படி பூனைகள்

2011 மார்ச் 14, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, அருங்காட்சியகத்தின் மூன்றாம் தளத்துத் தோல் அறையில், மீன்பிடிப் பூனைகளின் பழைய தோல்கள் பதினொன்று மேசைமேல் பரப்பப்பட்டிருந்தன. ஒருபுறம் நின்றவள் மரபணு ஆய்வாளர்; பூனைப் பாதுகாப்புக் குழுவிடம் காட்டப் படமெடுக்க வந்திருந்தாள். மறுபுறம் நின்றவர் தோல்களின் காப்பாளர், அவளுக்கு அண்ணி.

குழு வியாழக்கிழமை கூடவிருந்தது. கோரைச் சதுப்பில் எஞ்சியவை முப்பத்தொரு பூனைகள். அவற்றின் மரபணுக்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. அதே சதுப்பின் பழைய தோல்கள் ஆறிலோ வேற்றுமை கொழித்தது. ஆகவே, சதுப்பைச் சுற்றி 1931இல் எழுப்பிய கரைதான் இனத்தைக் குறுக்கியது; கரைக்கு அப்பாலுள்ள ஆற்றுக்காட்டுப் பூனைகள் நான்கை இனக்கலப்புக்காகக் கொண்டுவந்து விடுவதே வழி. ஆய்வாளர் அப்படித்தான் அறிக்கை அனுப்பியிருந்தாள். கணிப்பு தவறினால் மீட்சி இல்லை. பாலில் கலந்த நீரைப் பிரிக்க எந்த ஆய்வகத்திலும் கருவி கிடையாது.

அண்ணி அவளுடைய பட்டியலைப் பார்த்துவிட்டு எட்டாம் எண் தோலைத் தொட்டார்.

"இதைப் போய் சதுப்புப் பூனைன்னு யாரு சொன்னா?"

"உங்க பதிவேடுதான் அண்ணி."

அண்ணி அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்து வந்தார். ஏழாம் எண்ணுக்கு எதிரே 'ஆற்றுக்காடு' என்றிருந்தது. எட்டுக்கு எதிரே 'மேற்படி'. ஆய்வாளரின் பட்டியலிலோ எட்டு, கோரைச் சதுப்பு.

"வரிசையை மாத்தினியா?"

"கணினியில ஏத்தி, தோலோட நீளப்படி அடுக்கினேன். அப்புறமாத்தான் மேற்படி இருந்த இடத்துல எல்லாம் ஊர் பேரை நிரப்பி…" அவள் தன் பட்டியலை மறுபடி பார்த்தாள்.

"நல்லா நிரப்பினே! மேற்படிங்கறது தலைக்கு மேல இருக்கறவனை நம்பி வாழற சொல்லு. அவனைக் கிளப்பிட்டு வேற ஒருத்தனை உக்கார வெச்சா, வந்தவனைத்தானே அப்பான்னு கூப்பிடும்? உங்க அண்ணனும் இப்படித்தான், அலமாரியில துணியைக் கொஞ்சம் மாத்தி அடுக்கினா என் புடவையை எடுத்துக்கிட்டு குளிக்கப் போவார். குடும்பக் கோளாறு. அதையும் உன் கருவியில போட்டுப் பாரு."

"முடிவு பெரிசா மாறாது அண்ணி."

"மாறாதுன்னா மறுபடி கணக்குப் போட என்ன பயம்?"

பதினொரு வரிகளையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். சதுப்பின் தோல்கள் என நம்பிய ஆறில் ஐந்து, ஆற்றுக்காட்டினுடையவை. மூன்றாம் எண் மட்டுமே சதுப்பில் 1904இல் கிடைத்தது. அதன் மரபணுவை ஏற்கெனவே படித்தாயிற்று. ஆறு தோல்களின் சராசரி அதை விழுங்கியிருந்தது.

செவ்வாய் நண்பகலில் கணக்கு முடிந்தது. அந்த ஒற்றைப் பூனையின் மரபணுவில் தாய் தந்ததும் தந்தை தந்ததும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அதாவது, கரை எழுவதற்கு இருபத்தேழு ஆண்டு முன்பே அது இன்றைய பூனைகளைப் போலத்தான் இருந்தது. நெருங்கிய உறவுகள் அண்மையில் கூடியிருந்தால் ஒத்த பகுதிகள் நீண்டு கிடக்கும். இங்கே அவை பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தன. இனம் சிறுத்த இந்த ஒடுக்கம் மிகப் பழையது. ஆறாயிரம் ஆண்டுகளாக எந்தத் தலைமுறையிலும் சில நூறு பூனைகளுக்கு மேல் அங்கே இருந்ததில்லை. கேடு தரும் கூறுகளைக் காலமே புடைத்துத் தள்ளியிருந்தது. இன்றைய குட்டிகள் நோய்நொடியின்றி வளர்வதன் காரணமும் விளங்கிற்று.

ஆய்வாளர் மூன்றாம் எண் தோலருகே போய் நின்றாள். சாம்பல் பழுப்பில் வரிவரியாய்க் கரும்புள்ளிகள். விரலிடையில் பாதிச் சவ்வு. நீரில் சுக்கான்போல் உதவும் குட்டைவால். இவ்வளவு சிறிய கூட்டம், யார் தயவுமின்றி, ஒரே சேற்றில் மீன் பிடித்தே இத்தனை காலம் நிலைத்திருக்கிறது!

"கெட்டிக்காரிங்க அண்ணி, இதுங்க."

"அதுல சந்தேகமென்ன? வைத்தியம் பாக்கப் போன நாமதான் மக்கு. குழுவுக்குக் கடிதத்தை எழுது."

அவள் எழுதியதை அண்ணி படித்தார்.

"'தவறு நேர்ந்துவிட்டது'ன்னா? தானா வந்து நேர அது என்ன மழையா? எழுவாய் எங்கே?"

ஆய்வாளர் அடித்துவிட்டு, 'நான் தவறு செய்தேன்' என்று எழுதினாள். அதன் கீழே கையெழுத்திட்டாள்.

மார்ச் 17, வியாழக்கிழமை, குழு முடிவு செய்தவை: முதல் அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது. ஆற்றுக்காட்டுப் பூனைகள் கொண்டுவரப்பட மாட்டா. சதுப்புப் பூனைகள் தனி மரபாகப் பேணப்படும். கோரைச் சதுப்பில் ஒரு முழமும் இனி மண் கொட்டி நிரப்பப்படாது.