நானூறு மைல் மேசை

பக்கத்து நாட்டு மலைக்கு வேலைக்குப் போன பம்பு மெக்கானிக்கைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டுபோன ஒன்பதாம் நாள், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை நீள ஆரம்பித்தது. முதல் நாள் ஆறடி நீண்டு பின்சுவரைத் தாண்டியது. சுவரில் ஒரு விரிசல் கிடையாது, சுண்ணாம்புகூட உதிரவில்லை. மேசையின் கோடிதான் மெக்கானிக்கின் இடம். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் சாப்பிடுவார். அதனால் அவர் மனைவி அன்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், கோடியில் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அந்தக் கோடி பேருந்து நிறுத்தத்தில் இருந்தது, ஆறாம் நாள் ஆற்றுக்கு அக்கரையில். அதற்குமேல் நடந்து போனால் வேலைக்கு நேரமாகிவிடும் என்று, தட்டை மூடிவைத்துக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது பாட்டுக்குப் போயிற்று.

அவள் அரசு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டின் மேற்பார்வையாளர். முப்பது வார்டுக்கும் சூடு ஆறாமல் சாப்பாடு அனுப்புவதால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குச் சூடக்கா என்று பெயர். திரும்பி வரும் தட்டில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தே, ஏழாம் கட்டில்காரருக்கு வயிறு சரியில்லை, பன்னிரண்டாம் கட்டில்காரர் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். இருபத்தோராம் நாள் மேசை நீள்வதை நிறுத்தியது. அன்று தள்ளிய தட்டு இரண்டரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. பருப்பு இல்லை, முட்டை இல்லை, ரொட்டி இல்லை. ரொட்டியின் ஓரம் மட்டும் சுற்றிலும் கடித்துப் பிய்த்து, பாம்புச்சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. மெக்கானிக் ரொட்டி ஓரம் தின்னமாட்டார். அதற்காக அவரோடு பதினாறு வருஷமாகச் சண்டை போட்டவள், அன்று அந்த ஓரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அழுதாள். பிறகு தட்டைக் கழுவினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மேசை வீட்டுக்கு ஆகாது என்றார்கள் சிலர். இஸ்திரி போட வசதி என்றார்கள் வேறு சிலர், அவர்கள் உடனே போடவும் செய்தார்கள். நகராட்சி மட்டும் சட்டப்படி நடந்துகொண்டது. பொதுச்சாலையை ஆக்கிரமித்ததற்கு மெக்கானிக் பெயரில் ஒரு நோட்டீஸ் தயாரித்து, குமாஸ்தா அதைக் கொண்டுவந்தார். சம்பந்தப்பட்டவர் மேசையின் அந்தக் கோடியில் இருப்பதாகச் சூடக்கா சொன்னதும், நோட்டீஸோடு தன் பேனாவையும் நூலால் கட்டித் தள்ளிவிட்டார். மாலைக்குள் கையெழுத்தாகி வந்துவிட்டது. மெக்கானிக் உயிரோடிருப்பதற்கு ஒரு சான்று வேண்டுமென்று வெளியுறவுத் துறை இரண்டு மாதமாக மூன்று தூதரகங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. பேனாவும் பத்திரமாகத் திரும்பியதை நகராட்சி வெகுவாகப் பாராட்டியது.

நோட்டீஸின் பின்பக்கத்தில் மெக்கானிக் கையாலேயே கிளர்ச்சிக்காரர்கள் எழுதவைத்திருந்தார்கள். உங்கள் நாடு விற்ற பம்புகள் எங்கள் ஊற்றை உறிஞ்சுகின்றன. எங்கள் இயக்கத்தின் பெயரைப் போட்டு உங்கள் அரசாங்கம் கடிதம் எழுதட்டும், உட்கார்ந்து பேசட்டும், ஆளை விடுகிறோம். இது தன் பிரிவு அல்ல என்று குறித்து, குமாஸ்தா அதை வெளியுறவுத் துறைக்கு அனுப்பிவைத்தார். சூடக்கா தானே எழுதிய கடிதங்களைக் மலையில் அவருக்குக் காவல் நின்றவர்கள் பிரிக்காமல் திருப்பினார்கள். அவர்களுக்கு அரசாங்கக் கடிதம்தான் வேண்டுமாம்.

வீட்டுக்கும் மலைக்கும் நடுவே நேர்கோட்டில் தலைநகரம் இருந்தது. அங்கே வெளியுறவுத் துறைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், இந்த வழக்கைப் பார்க்கும் அதிகாரியின் அறைக்குள் மேசை ஜன்னலுக்கு இடப்பக்கமாக நுழைந்து, அலமாரிக்குப் பக்கத்தில் வெளியேறியது. கிளர்ச்சிக்காரர்களோடு அரசாங்க ஊழியர் எவரும் ஒரே மேசையில் உட்காரக்கூடாது என்பது துறையின் விதி. அந்த அறையில் இப்போது வேறு மேசை போட இடமில்லை. ஆகவே அதிகாரி நாற்காலியை வெளியே அனுப்பிவிட்டு எட்டு மாதம் நின்றுகொண்டே வேலை பார்த்தார், கால் வீங்கியது. தினமும் மதியம் ஒன்று பத்துக்கு மூடிய தட்டு ஒன்று வதக்கிய வெங்காய வாசனையோடு அவர் முன்னால் போகும். ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு போயின. வீட்டுத் தட்டோடு யாருடையதோ ஒரு தகரத்தட்டும் காலியாக ஊருக்கு வந்திருந்தது. காவலுக்கு நிற்பவனுக்கும் பசிக்கிறது போல என்று சூடக்கா அதையும் நிரப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தாள். அதிகாரி ஒருநாளும் மூடியைத் திறந்து பார்த்ததில்லை, நல்ல மனிதர்.

ஒன்பதாம் மாதத்தில் வீட்டுத் தட்டு ரொட்டி ஓரமும் இல்லாமல் வந்தது. நான்கு நாள் அப்படி. அங்கே சாப்பாடு போதவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, இரண்டு ரொட்டி கூட வைத்தாள். ஐந்தாம் நாள் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பியது. ஆறாம் நாளும் அப்படியே. தகரத்தட்டிலும் பாதி மிச்சம். காவல்காரனுக்கே சாப்பாடு இறங்கவில்லை என்றால், இவருக்கு எப்படி இருக்கும்? சூடக்கா அந்தத் தட்டோடு முதல் பேருந்தில் ஏறினாள். பக்கத்துத் தெரு லாரிக்காரனின் அம்மாவும் கூடவே ஏறினாள். துணைக்கு அல்ல, தடுக்க. அவள் மகன் மெக்கானிக்கைப் பிடித்த அதே மலைச்சாலையில்தான் லாரி ஓட்டுகிறான்.

அறைக்குள் போனதும் சூடக்கா தட்டை அதிகாரியின் முன்னால் வைத்துத் திறந்தாள்.

"காய்ச்சல் சார். ரெண்டு நாளா ஒரு வாய் உள்ள போகல. இன்னும் ஒரு வாரம் தாங்க மாட்டார். அந்தக் கடுதாசியை எழுதிடுங்க."

அதிகாரி நின்றபடியே காரணங்களைச் சொன்னார். விதி. அந்த நாட்டு அரசாங்கம் கோபித்துக்கொள்ளும். அவர்கள் வீட்டுக் கலகத்துக்கு நாம் கடிதம் எழுதலாமா? கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் பிடிபட்ட ஒருவருக்காகப் பேசினார்கள், அவரும் வந்தார். அடுத்த வருஷம் ஆறு பேரைப் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் பெட்டியில் வந்தார்கள். "அந்த ரெண்டு வீட்டுக்கும் நான்தான்மா போனேன்" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் லாரிக்காரனின் அம்மா. "இவ புருஷன் வரணும்னு நானும்தான் வேண்டிக்கிறேன். ஆனா பேசினா, ஆளைப் பிடிச்சா கேட்டது கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போகும். நாளைக்கு என் பையன்தான்."

அந்தம்மா சொன்னது நியாயம் என்று பேருந்திலேயே சூடக்காவுக்குப் பட்டிருந்தது. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னாள்.

"எங்க ஆஸ்பத்திரியில குத்தினவனும் குத்துப்பட்டவனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கிடப்பாங்க சார். ரெண்டு பேருக்கும் சாப்பாடு போகும். பரிமாறினதால குத்தினது சரின்னு ஆயிடாது. போலீஸும் வரும், கேசும் நடக்கும். ஆனா ரெண்டு பேரும் உயிரோட இருந்தாத்தான் கேசே. அக்கா கேக்குறதுக்கு எனக்குப் பதில் தெரியாது. அதைப் பிடிச்சு வச்சிருக்கிறவங்ககிட்டயே கேளுங்க."

லாரிக்காரனின் அம்மாதான் வெளியே போய், தாழ்வாரத்தில் எட்டு மாதமாகக் கிடந்த நாற்காலியை இழுத்து வந்தாள். போட்டாள், உட்கார்ந்தாள், இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றினாள். "சரி, என் பேச்சையும் எழுதுங்க. ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தரைப் பிடிக்கக் கூடாது. பிடிச்சா இந்த மேசையை நானே கோடாலி எடுத்து வெட்டுவேன். அப்புறம் அவங்களுக்குப் பேசவும் ஆள் கிடையாது, திங்கவும் சோறு கிடையாது."

அதிகாரி அவளைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார். பிறகு இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். இயக்கத்தின் பெயரை எழுதுவதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது. எழுதி முடித்ததும் கடிதத்தோடு ஆஸ்பத்திரி மாத்திரைகளையும் வைத்து, மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். மூன்றாம் நாள் தட்டில் கஞ்சி பாதி குறைந்திருந்தது. பத்தாம் நாள் ரொட்டி ஓரம் வந்தது. சூடக்கா அதைச் சமையற்கட்டு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

பேச்சு ஐந்து மாதம் நடந்தது, நாற்பத்தொரு கடிதம். கோடையில் மூன்று மாதம் பம்புகள் ஓடாது என்று முடிவாயிற்று. இனி யாரையும் பிடிப்பதில்லை என்று அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். பக்கத்து நாட்டுத் தூதர் வந்து சத்தம் போட்டார். இது ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசை, இதில் அரசாங்கத்துக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அதிகாரி உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

மெக்கானிக் மேசையின் விளிம்பைத் தொட்டபடியே பத்தொன்பது நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். வந்தபோது மதியம். அவர் இடம் நானூறு மைல் தள்ளியிருந்ததால், வழக்கமாக விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில், மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். பாதி உடம்புதான் இருந்தது. ஆனாலும் ரொட்டி ஓரத்தைப் பிய்த்துத் தட்டோரம் வைத்தார். சூடக்கா அதை எடுத்துத் தானே தின்றாள், சண்டை போடவில்லை. இதைவிட நிம்மதியான சாப்பாடு அந்த வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று இருவரும் சொல்வார்கள்.

அதற்கப்புறம் பதினான்கு வருஷம் ஆகிறது. மேசை குறையவில்லை, யாரும் குறையச் சொல்லவுமில்லை. பேருந்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. லாரிக்காரனின் அம்மா கொண்டுவந்து வைத்த கோடாலி, பேருந்து நிறுத்தத்துப் பக்கம் மேசைமேலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறாள். அவள் மகன் இன்னும் அதே சாலையில்தான் ஓட்டுகிறான். இத்தனை வருஷத்தில் யாரையும் பிடிக்காததற்குக் கடிதம் காரணமா, கோடாலி காரணமா என்று இஸ்திரி போட வருகிறவர்கள் இன்றைக்கும் வழக்கடிக்கிறார்கள். வெளியுறவுத் துறையின் விதி அப்படியே இருக்கிறது. மேசையும் அப்படியே இருக்கிறது.

தகரத்தட்டு மட்டும் நிற்கவில்லை. தினமும் நிரப்பி அனுப்புகிறாள், கழுவி வருகிறது. "எனக்கு வைக்கிறதைவிட அவனுக்குப் பெரிய முட்டை" என்று மெக்கானிக் முணுமுணுப்பார். "அவன் ஓரம் விட்டுவைக்கிறதில்ல" என்பாள் சூடக்கா. போன மாதம் ஒருநாள் தட்டு வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளர், விளிம்புவரை தண்ணீர். நானூறு மைலில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மெக்கானிக் ஒரு வாய் குடித்துவிட்டு, "அவங்க ஊற்று மறுபடி வந்துடுச்சு" என்றார். மிச்சத்தை அவள் குடித்தாள், பல் கூசுகிற குளிர்ச்சி. தம்ளரைக் கழுவித் துடைத்து, நாளைக்கு அனுப்பவேண்டிய முட்டைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.