லேபிள் இல்லாத பாட்டில்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஆதிகேசவனுக்கு வீடு வாசல் எல்லாம் மறந்துபோகும். பிரிகேட் ரோட்டில் ஒரு ஒயின் கடையில் அவனுக்குக் கவுண்டர் வேலை. வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போய் எட்டு வருஷம் ஆகியும் கிறிஸ்துமஸ் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. ரிச்மண்ட் டவுனில் பென்ஷன் வாங்கும் துரைமார்கள், குக் டவுனில் சட்டைக்காரர்கள் என்று சொல்லும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், மதுவிலக்குப் போட்ட மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்து இங்கே தொண்டையை நனைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள், எல்லோரும் அந்தக் கவுண்டரில்தான் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். காசும் அதிகம் போகக் கூடாது, கௌரவமும் குறையக் கூடாது. கப்பலில் வந்த சரக்கெல்லாம் யானை விலை குதிரை விலை விற்ற காலம் அது. அந்த இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்துக் கொடுக்க ஆதிகேசவனை விட்டால் ஆளில்லை என்று கண்டோன்மெண்டில் பேச்சு.

இத்தனைக்கும் அவன் குடிப்பவன் இல்லை. ஒரு மடக்கு வாயில் விட்டு, கன்னத்தில் உருட்டி, மரத்தூள் போட்ட டின்னில் துப்பிவிடுவான். "சரக்க நாக்கு சொல்லும், ஆள மூஞ்சி சொல்லும்" என்பான். வாடிக்கைக்காரர் மாதிரிக்கு ஒரு வாய் குடிக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, இவருக்கு இனிப்பு, இவருக்குத் துவர்ப்பு என்று சொல்லிவிடுவான். ஒரு தடவை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

அந்த ஞாபகம்தான் ஜோகுபாளையத்தில் அவன் வீட்டுக்குள்ளேயே கொள்ளி வைத்தது.

அவன் பெண்டாட்டி சரசுவுக்குத் தெருவில் வாய்க்காரி என்று பெயர். கெட்டவள் என்று யாரும் சொன்னதில்லை. டிசம்பர் பத்து தேதி வாக்கில் ஒரு காலை அவள் இட்லி வைக்க, அவன் விழுங்கிக்கொண்டே கடைக்கதை பேசினான்.

"லோபோ மிஸ்ஸு கிறிஸ்துமஸுக்கு வருவாங்க. அவங்களுக்கு இனிப்பே ஆவாது சரசு. நாக்குல துவர்ப்பு நிக்கணும். ஒரு வாய் குடிச்சிட்டு அப்பிடியே கண்ண மூடிக்குவாங்க. மூடுனா சரக்கு சரின்னு அர்த்தம்."

லோபோ மிஸ் என்பவள் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பவள். கல்யாணமாகாதவள். சரசு அவளைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் வருஷா வருஷம் டிசம்பர் வந்தால் அவள் பெயர் இந்த வீட்டுச் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி தவறாமல் வந்துவிடும்.

சரசு சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தம்மா கண்ண மூடுற வரைக்கும் பாத்துக்கினே நிப்பீங்களா?"

"பாக்காம எப்பிடி? அதானே என் தொழிலு."

"சரி. எனக்குக் காபில சக்கரை தூக்கலா போடணுமா, கம்மியா போடணுமா? சொல்லுங்க பாக்கலாம்."

அவன் கையில் இட்லியோடு நிமிர்ந்தான். நிஜமாகவே யோசித்தான். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதன்.

"நீ காபி குடிப்பியா?" என்றான்.

சரசுவுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. பதினோரு வருஷமாக, அவன் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, இரண்டாம் டிகாஷனில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு, பாகு மாதிரி கலந்து குடித்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் இருக்கிறவன் நாக்கையெல்லாம் படித்து வைத்திருக்கிற மகான், வீட்டில் ஒருத்திக்கு நாக்கு இருப்பதையே கவனிக்கவில்லை.

கள்ளத்தனம் ஏதாவது இருந்திருந்தால் சரசு ஒரு கை பார்த்திருப்பாள். முடியைப் பிடித்து இழுக்கலாம், தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். ஆதிகேசவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று அவளுக்கே தெரியும். ஒரு பொம்பளையின் வாய்க்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். இதைப் போய் யாரிடம் முறையிடுவது? முறையிட முடியாத பொறாமைதான் உள்ளேயே கிடந்து ஆளைத் தின்னும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், குழாயடியில் பக்கத்து வீட்டு லட்சுமம்மா வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் கோவிந்தப்பாவுக்கு அதே ஒயின் கடையின் கோடவுனில் வேலை. அதனால் கடையில் தும்மல் போட்டால் ஜோகுபாளையத்தில் லட்சுமம்மாவுக்குக் கேட்கும்.

"உங்க வூட்டுக்காரரு லோபோ மிஸ்ஸுக்குன்னு கவுண்டர் அடியில ஒரு பாட்டல் ஒளிச்சி வெச்சிருக்காராம். எங்க வூட்டுக்காரரு எவ்ளோ கேட்டும் குடுக்கலயாம்," என்றாள்.

சரசு குடத்தைக் குழாயடியில் தள்ளினாள். "இன்னா பாட்டலு? ரொம்ப ஒசத்தியா?"

"இன்னா ஒசத்தி? லேபிளே கெடையாது. மழைக்கு கோடவுன் ஒழுகிச்சில்ல, அப்ப ஒரு பெட்டி பிரெஞ்சு ஒயினுக்கு லேபிளு ஊறிப்போயி கையோட வந்துடிச்சி. அதுல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

சரசுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடடா, இவ்வளவுதானா! அந்த மகராசிக்குக் கிழிசல் சரக்குதான் விதித்திருக்கிறதா? தனக்கோ தீபாவளிக்குப் பச்சைச் சேலை தங்கக் காகிதம் ஒட்டின அட்டைப்பெட்டியில் வந்தது. பொங்கலுக்கு ரிப்பன் கட்டின சந்தன சோப்பு. போன வருஷம் மூடியில் சீமைப் பொம்பளை படம் போட்ட பவுடர் டின். புருஷன் கடையில் நிற்கிறவன், எது யாருக்கு என்று அவனுக்குத் தெரியாதா? இரண்டு வாரமாக வயிற்றில் கிடந்த நெருப்பில் யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் லட்சுமம்மாவின் குடத்தையும் அவளே தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள்.

"லேபிள் போனத குடுக்குறாரா? பாவம் அந்த மிஸ்ஸு," என்றாள், பாவமே இல்லாத குரலில்.

"அய்யே, உனக்கு விஷயமே தெரியாதா?" லட்சுமம்மா குடத்தோடு நின்றாள். "கடையில உங்க வூட்டுக்காரரு வெச்ச சட்டம் இல்ல அது? குடுக்கிறதுக்கு லேபிளு, குடிக்கிறதுக்கு சரக்கு. கிஃப்ட்டுக்குன்னு யாராச்சும் வந்தா, தங்கக் காகிதம் ஒட்டி ரிப்பன் கட்டினத எடுத்துக் குடுத்துடுவாரு. உள்ள சுமாரா இருந்தா இன்னா, வாங்கிக்கிறவன் மேலதானே பாப்பான்? நல்லாத் தெரிஞ்சவங்க, ருசி தெரிஞ்சவங்க வந்தாத்தான் அடியில குனிஞ்சி லேபிள் இல்லாதத எடுப்பாரு. வெலையும் பாதி, சரக்கும் அமிர்தம். யாரோ எவரோவுக்குத்தான் லேபிளு, தன் மனுசங்களுக்கு எதுக்கு?"

ஊற்றின தண்ணீர் எல்லாம் எண்ணெயாக மாறிவிட்டது. சரசு வீட்டுக்குள் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அட்டைப்பெட்டி, ரிப்பன், சீமைப் பொம்பளை படம். அத்தனையும் லேபிள். சேலை என்ன நிறம்? கிளிப்பச்சை. அவளுக்குப் பச்சை என்றாலே ஆகாது, அரக்குதான் பிடிக்கும். சந்தன வாசனை அவளுக்குத் தலைவலி. தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டோமே என்று நினைத்தபோது மானம் போனது. பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தி, இரண்டு பிள்ளை பெற்று, கடைசியில் தான்தான் யாரோ எவரோ. எவளோ ஒரு பியானோக்காரி தன் மனுசி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், பிள்ளைகளை லட்சுமம்மாவிடம் விட்டுவிட்டு, அந்தக் கிளிப்பச்சைச் சேலையையே கட்டிக்கொண்டு சரசு கிளம்பினாள். அல்சூர் தாண்டி, டிரினிட்டி சர்ச் தாண்டி, பரேடு மைதானத்தை ஒட்டி நடந்தாள். வெயிலும் குளிருமாகக் கலந்த டிசம்பர்க் காற்று. அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

கடையில் நிற்க இடமில்லை. காகித நட்சத்திரமும் ஜிகினாவும் தொங்கின. புருஷன் வேலை செய்யும் இடத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டையில் அவன் யாரோ போல இருந்தான். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. அவன் குனிந்து எதையோ சுற்றிக்கொண்டே, பாட்டு மாதிரி பழகிப்போன குரலில் கேட்டான்.

"கிஃப்ட்டுக்கா, வூட்டுக்கா?"

"வூட்டுக்கு."

"யாரு குடிக்கிறாங்க? இனிப்பா, துவர்ப்பா?"

"நான்தான் குடிக்கிறேன். இனிப்பா துவர்ப்பான்னு நீயே சொல்லு."

கோபம் வந்தால் சரசுவுக்கு 'ங்க' கழன்றுவிடும். ஆதிகேசவன் நிமிர்ந்தான். சுற்றிக்கொண்டிருந்த காகிதம் கையிலிருந்து நழுவியது.

"சரசு! இன்னா ஆச்சி? புள்ளைங்களுக்கு எதனா..."

"புள்ளைங்க நல்லாத்தான் இருக்குதுங்க. அடியில ஒரு பாட்டல் இருக்குதாமே, லேபிள் இல்லாதது. அத எடு."

"அது சொல்லி வெச்சது சரசு."

"யாருக்கு?"

அவன் கண் மட்டும் ஒரு பக்கம் போய்த் திரும்பியது. சரசு அந்தப் பக்கம் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியாக ஒரு அம்மாள், கையில் குடையோடு ஓரமாக நின்றாள். கழுத்துப் பட்டி நைந்த கவுன். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அழகியாக இருந்திருந்தால் சரசுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அழகுக்கு மயங்காத ஆம்பளை உண்டா என்று திட்டிவிட்டுப் போகலாம். இவளிடம் மயங்க ஒன்றுமே இல்லாதபோதும் இவள் முகத்தைத்தானே நாலு வருஷமாகப் பார்த்துப் படித்திருக்கிறான்!

"பரவால்ல ஆதி, அவங்களுக்கே குடுங்க," என்றாள் லோபோ மிஸ், நல்ல தமிழில், நல்ல மனதோடு.

ஆதி! அவன் அம்மாகூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த இரண்டு எழுத்து சரசுவின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் போய்விட்டது. கவுண்டர் மேல் கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஆதிகேசவன் குனிந்து, லேபிள் இருந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருந்த அந்தப் பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தான்.

அவள் உடனே போகவில்லை. மிஸ்ஸுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவதென்று வாசலருகில் நின்றாள். ஆதிகேசவன் மேல் தட்டையெல்லாம் தேடினான். அங்கே மிச்சம் இருந்தவை எல்லாம் கிஃப்ட் சரக்கு. கடைசியில் தங்கக் காகிதம் ஒட்டி, சிவப்பு ரிப்பன் கட்டின ஒரு பாட்டிலை, தலையைத் தூக்காமல் நீட்டினான்.

மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் கடையிலும் எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள்.

"தேங்க் யூ, மிஸ்டர் ஆதிகேசவன்."

சரசு ஜெயித்துவிட்டாள். ஜெயித்த பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். கால் வலித்ததே தெரியவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ். கடை லீவு. பிள்ளைகள் ஏரிப்பக்கம் விளையாடப் போயிருந்தார்கள். நடு வீட்டில் பாட்டிலை வைத்துவிட்டு சரசு எதிரில் உட்கார்ந்தாள்.

"தெற," என்றாள்.

"அது உனக்கு வேணாம் சரசு. நீ எங்க இதெல்லாம்..."

"மொதப் புள்ளைக்கு மருத்துவச்சி பிராந்தி குடுத்தா, குடிக்கல? தெற."

அவன் திறந்தான். காபி டம்ளரில் ஒரு விரல் அளவுக்கு ஊற்றி அவளிடம் நீட்டினான். பிறகு, கடையில் செய்கிற பழக்கம், கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். பதினோரு வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. புருவம், கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். சரசுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதற்காகத்தானே இத்தனை ஆட்டம் போட்டோம் என்று மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு டம்ளரை வாயில் வைத்து ஒரு மடக்கு விழுங்கினாள்.

கஷாயம் தோற்றது. புளித்து, துவர்த்து, மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி வாயெல்லாம் இழுத்தது. இதையா அந்தப் பொம்பளை ரசித்துக் குடிக்கிறாள்?

ஆதிகேசவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உனக்கு இது புடிக்கல," என்றான் மெதுவாக. "உன் நாக்கு இனிப்பு நாக்கு. நல்ல இனிப்பு. காபிக்குக்கூட நீ மூணு நாலு ஸ்பூன் போட்டாத்தான் குடிப்ப. சரிதானே?"

அதுதான் சரி. அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளைப் பற்றி அவன் சொன்ன முதல் சரியான வார்த்தை. ஆமாங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாளைக்கே போர்ட் ஒயினோ இஞ்சி ஒயினோ, அவள் வாய்க்கு ஏற்றதாக, லேபிள் இல்லாததாகப் பார்த்து எடுத்து வந்திருப்பான். சொல்லத்தான் சரசு வாயைத் திறந்தாள்.

ஆனால் இனிப்பு கேட்கிறவர்கள் அந்தக் கடைக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். துவர்ப்பு கேட்கிறவள் ஒருத்திதான்.

"யாரு சொன்னது? எனக்கு இதான் புடிக்கும். அடுத்த வருசமும் இதையே எனக்கு எடுத்து வெய்," என்றாள்.

டம்ளரைத் தூக்கி இன்னொரு மடக்கு குடித்தாள். குடித்துவிட்டு, அவன் பார்க்கிறானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.