இரும்புச் சட்டியில் பர்கண்டி

கணவர் ரசாக்கின் மொபெட் சத்தம் சந்து முனை தாண்டி அடங்கும் வரை இஸ்மத் வாசலிலேயே நின்றாள். அடங்கியதும் கதவைத் தாழிட்டாள். அப்புறம் பூனை நடை நடந்து போய் பீரோவைத் திறந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சொந்த பீரோவைத் திறக்க ஒரு பெண்மணி ஏன் பூனை நடை நடக்க வேண்டும் என்று கேட்டால், ஆசை முற்றிப்போனவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

துணிகளுக்கு அடியில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. தலைச்சாயம். பெட்டியின் மேல் ஒருத்தி கருஞ்சிவப்புக் கூந்தலைச் சிலுப்பிவிட்டுச் சிரித்தாள். நிறத்தின் பெயர் பர்கண்டி. கோபிசெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் அஃப்ஷீன் போன மாதம் வந்தபோது கையில் திணித்துவிட்டுப் போனது. எத்தனை நாளைக்கு அம்மா இந்த மருதாணி, உன் தலை கேரட் வண்டி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வாய் கொஞ்சம் நீளம், அம்மாவைப் போலவே.

யாருக்காக இந்த அலங்காரம்? எனக்காகத்தான் என்று மகளிடம் இஸ்மத் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. வெளியே போனால் முக்காடு, ஊரில் யாரும் பார்க்கப்போவதில்லை. மீதிப் பாதி ரசாக்.

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ரசாக் தங்கமான மனிதர். ஆனால் அவருடைய கண் பாத்திரம் பார்க்க மட்டுமே படைக்கப்பட்ட கண். இஸ்மத் மூக்குத்தியை மாற்றியிருக்கிறாள், தெரிந்ததில்லை. திரைச்சீலையை மாற்றினாள், புதுத் திரையில் கை துடைத்துவிட்டுப் போனார். அதே மனிதர், சமையலறையில் ஒரு டம்ளர் நசுங்கியிருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். மகள் போனபிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைப் பார்ப்பதில்லை என்றால் எப்படி வலிக்கும்? இஸ்மத்துக்கு வலித்தது. அதனால் முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு அவராகவே பார்க்க வேண்டும். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

பழைய நைட்டி போட்டுக்கொண்டாள். குடிக்கப் பிடித்து வைத்த சிறுவாணித் தண்ணீரில் ஒரு குடம் தனியாக எடுத்து வைத்தாள். உப்புத் தண்ணீரில் அலசிச் சாயத்தைக் கெடுக்க அவள் என்ன பைத்தியமா? பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருடமாக மருதாணி குழைக்கிறவளுக்குத் தாள் எதற்கு? மருதாணி என்றால் இரும்புச் சட்டி. இரும்பில் ஊறினால்தான் நிறம் பிடிக்கும், இது அவள் அம்மா வீட்டிலும் சட்டம், மாமியார் வீட்டிலும் சட்டம். சட்டியை எடுத்தாள். பெட்டியிலிருந்த இரண்டு குழாயையும் அதில் பிதுக்கிக் கலக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கலவை பொங்கியது. நுரை எழும்பி விளிம்பு வரை வந்தது. சட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பு. இஸ்மத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. பார், இரும்பு எப்படி வேலை செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொங்கியதை வீணாக்காமல் வழித்து வழித்துத் தலை முழுக்கப் பூசினாள். காத்திருந்த நேரத்தில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள், பாட்டு முணுமுணுத்தாள், தாளிக்க எடுத்த கடுகைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினாள்.

அலசித் துடைத்துக் கண்ணாடி முன் நின்றாள். கருஞ்சிவப்பைக் காணோம். இருந்த ஆரஞ்சு இன்னும் ஒரு மடங்கு ஏறி, கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி ஜொலித்தது.

கோபியிலிருக்கும் மகளுக்கு போன் போட்டாள். இரும்புச் சட்டியா என்று கேட்டுவிட்டு அஃப்ஷீன் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. உலோகப் பாத்திரத்தில் கலக்கவே கூடாது, அந்தத் தாளில் முதல் வரியே அதுதான், சாயம் சட்டியிலேயே தன் வேலையை முடித்துக்கொண்டது, உன் தலைக்கு மிச்சம் வந்தது நுரைதான், அது மருதாணியை இன்னும் வெளுத்துவிட்டது என்று விளக்கினாள். முடி ஆறட்டும், இரண்டு வாரம் கழித்து வேறு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றாள்.

இஸ்மத்துக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் கண்ணாடியை மறுபடி பார்த்தாள், சிரிப்பு வந்தது. அதற்கும் அப்புறம் ஒரு யோசனை வந்தது. இந்தத் தலையை எந்த மனிதனாலும் பார்க்காமல் இருக்க முடியுமா? முடியவே முடியாது. பர்கண்டி தோற்றாலும் பந்தயம் தோற்கவில்லை. ஈர முடியை விரித்துவிட்டுக்கொண்டு சோறு வடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரசாக் மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்தார். கை கழுவினார். உட்கார்ந்தார். இஸ்மத் ஜன்னல் வெளிச்சம் தலையில் விழும்படி இடம் பார்த்து எதிரே உட்கார்ந்தாள். குழம்பு ஊற்றும்போது குனிந்தாள், மோர் ஊற்றும்போது இன்னும் குனிந்தாள். ரசாக் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். பிறகு தலையைத் திருப்பி, அடுப்புத் திட்டில் கவிழ்த்து வைத்திருந்த இரும்புச் சட்டியைப் பார்த்தார்.

"சட்டிக்கு என்னாச்சு? அங்கங்க வெளுத்திருக்குது."

இஸ்மத் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்ற சபதமெல்லாம் காற்றோடு போயிற்று.

"ஏனுங்க, சட்டி வெளுத்தது தெரியுதுங்க. நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கறது தெரியுதுங்களா உங்களுக்கு?"

ரசாக் பிசைந்த கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். உள்ளே நுழைந்தபோதே பார்த்துவிட்டதாகவும், என்னவோ ஏடாகூடமாகிவிட்டது போலிருக்கிறது, கேட்டால் வருத்தப்படுவாள் என்றுதான் சட்டியிலிருந்து பேச்சை ஆரம்பித்ததாகவும் சொன்னார். அவள் நம்புவதாக இல்லை. இத்தனை வருடத்தில் என் தலையில் எதைத்தான் பார்த்திருக்கிறீர்கள், ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று மடக்கினாள்.

ரசாக் யோசிக்கவே இல்லை.

"பொடனியில ஒரு வெள்ளை இருக்குது. ஒரு ரூவா அகலம். அஃப்ஷீனுக்கு மாப்பிள்ளை பேசுன வருசம் வந்துது. மருதாணி பூசறப்பல்லாம் உனக்குக் கை அங்க எட்டறதில்ல."

"இத்தன நாளா ஏனுங்க சொல்லல?"

"சொன்னா அதையும் மறைச்சுப்போடுவியே."

சொல்லிவிட்டு ரசாக் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். இஸ்மத் மோரை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முன்னால் பிடித்து, முடியை ஒதுக்கினாள். எரியும் ஆரஞ்சுக்கு நடுவில் அது இருந்தது, வட்டமாக, பஞ்சு வெள்ளையாக. அவள் தலையில் அவளே பார்த்திராத இடம். முடியை ஒதுக்கிய விரலாலேயே அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பெட்டி வந்தது. இம்முறை ரசாக்கே கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கொண்டுவந்தார். தாளை விரித்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். கையுறை மாட்டிக்கொண்டு, பித்தளைக்குப் புளி தேய்க்கிற சிரத்தையோடு பிரஷ்ஷைப் பிடித்தார். இஸ்மத் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சாயம் பட்ட இடமெல்லாம் சில்லென்றது. நெற்றி ஓரம் சில்லென்றது, உச்சி சில்லென்றது, இரண்டு காதுக்குப் பின்னாலும் சில்லென்றது. பிடரிக்கு வந்தபோது பிரஷ் ஒரு இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

"பின்னாடி பூசிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பூசிப்போட்டேன்."

ஒரு ரூபாய் அகலத்துக்கு அங்கே குளிரவே இல்லை. இஸ்மத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. "சரிங்க" என்றாள்.