மூன்றாவது தடவை கேட்பதற்குள்

முல்லா என்னை முதல் தடவை கேட்டபோது நாட்டுக்கு ஒரு பிரதமர் இருந்தார். மூன்றாவது தடவை கேட்டபோது வேறொருவர் வந்துவிட்டார். நடுவில் நான் செய்ததெல்லாம் ஒரு கண்ணாடியின் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். இதைச் சொன்னால் இங்கே அபாதானில் என் பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். இருபது வருஷமாக நானும் ஈரஜும் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, நன்றாகத்தான் இருக்கிறோம். அதனால் இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அப்போது எங்கள் வீடு தெஹ்ரானில், ஷாப்பூர் தெருவை ஒட்டிய சந்தில். அப்பா மிர்ஸா யதுல்லா, காகிதமும் மையும் விற்கிறவர். எண்ணெயை வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து பிடுங்கி நாட்டுக்குச் சொந்தமாக்கிய நாளில், கடையிலிருந்த மை புட்டிகளை எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எண்ணெயை மீட்ட பிரதமரை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவருக்குக் காது மடல் சிவந்துவிடும்.

ஈரஜ் ரேடியோ ரிப்பேர்காரர். எங்கள் வீட்டு ரேடியோவைச் சரிபார்க்க வந்தார். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று மாதம் இழுத்தது. அவர் சரிசெய்துவிட்டுப் போனதும் நான்தான் பின்பக்கம் ஒரு கம்பியைப் பிடுங்கி வைப்பேன். அது அவருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.

எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. ஈரஜுக்கு அப்பா இல்லை. அவருடைய சித்தப்பா ஸஃபர்தான் வீட்டுக்குப் பெரியவர். காய்கறிச் சந்தையில் தர்பூசணி மொத்த வியாபாரம். காலையில் கர்லாக்கட்டை சுற்றுகிற கூடத்தில் அவர் இறங்கினால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். ஆள் நல்லவர்தான், ஆனால் பிரதமருக்கு எதிராக ராஜா பக்கம். எங்கள் அப்பாவும் அவரும் சம்பந்தம் பேச உட்கார்ந்தபோது, அம்மா ஓயாமல் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாயில் தேநீர் இருந்தால் அரசியல் வராது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

கல்யாணத்துக்குப் புதன்கிழமை நாள் குறித்தோம். அதற்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ராஜா விமானம் ஏறிப் போய்விட்டார். பிரதமரைக் கவிழ்க்கப் பார்த்தார்கள், பலிக்கவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா சந்தில் போவோர் வருவோருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார். ஸஃபர் கடையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு என் கவலை. துக்க மாதமான முஹர்ரம் பிறக்க இன்னும் மூன்று வாரம்தான். பிறந்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது. ஈரஜுக்கோ அபாதான் எண்ணெய் ஆலையில், மின் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை கிளம்பியாக வேண்டும். புதன்கிழமை தவறினால் அவர் தனியாகப் போவார், இந்த இரண்டு பெரிய மனிதர்களும் இங்கே உட்கார்ந்து சம்பந்தத்தை முறித்துப் போடுவார்கள். இது எனக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் என்னைக் கண்ணாடியின் முன்னால் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் இரண்டு சர்க்கரைக் கட்டிகளை உரசினார்கள், வாழ்க்கை இனிக்க வேண்டுமாம். துணி பழசு, ஓட்டை வழியாகப் பாதிச் சர்க்கரை என் கழுத்தில்தான் இறங்கியது. பெரியம்மா தாவூஸ் ஊசியில் ஏழு வண்ண நூல் கோத்து, துணியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே, "மாமியார் நாக்கைத் தைக்கிறேன், நாத்தனார் நாக்கைத் தைக்கிறேன்" என்று பாடினாள். ஆண்கள் எல்லாம் முற்றத்தில். திரைக்கு அந்தப் பக்கம் முல்லா உட்கார்ந்திருந்தார்.

முல்லா முதலில் அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார். "ஃபரங்கீஸ் அம்மா, யதுல்லா மகள் நீங்க, ஈரஜுக்கு உங்களைக் கட்டிவைக்க எனக்குச் சம்மதம் தர்றீங்களா?"

முதல் தடவையில் பெண் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் மானம் போச்சு. பெண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், "பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா!"

இரண்டாம் தடவை கேட்டார். "பொண்ணு பன்னீர் கொண்டாரப் போயிருக்கா!"

மூன்றாம் தடவை கேட்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நகை கொடுக்க வேண்டும். அது கைக்கு வராமல் பெண் வாயைத் திறக்க மாட்டாள். நகை யாரிடம்? ஸஃபர் சட்டைப் பையில். ஸஃபர் எங்கே? விடிகாலையில் சந்தைக்குப் போனவர், ஆளையே காணோம்.

"மனுஷன் நகையைப் பையில போட்டுக்கிட்டு எங்க போய்த் தொலைஞ்சாரு?" என்றாள் பெரியம்மா. "ஈரஜு, உங்க சித்தப்பா தர்பூசணிக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்காரா?"

"வந்துருவாருங்க பெரியம்மா" என்று முற்றத்திலிருந்து ஈரஜ் குரல் கேட்டது. குரலில் தெம்பே இல்லை.

காத்திருந்தோம். துணி பிடித்தவர்களுக்குக் கை வலித்தது. முல்லா கொட்டாவி விட்டார். ஈரஜ் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ரேடியோ ஒன்று கண்ணெதிரே சும்மா கிடந்தால் அவருக்குக் கை நமைக்கும். திருகி வைத்தார். பாட்டு வந்தது. பாட்டு நின்றது. ஒரே கூச்சல், யாரோ மைக்கைப் பிடுங்குகிற சத்தம். பிறகு மூச்சிரைக்க ஒரு குரல், அரசாங்கம் விழுந்துவிட்டது, ராஜா நியமித்த புதிய பிரதமர் வந்துவிட்டார் என்றது.

திரை விளிம்பில் கண்ணை வைத்திருந்த பெரியம்மா எனக்கு நடப்பதைச் சொன்னாள். "உங்கப்பா எந்திரிச்சுட்டார்டி. உக்காந்துட்டார். திரும்ப எந்திரிச்சுட்டார். முகத்துல ரத்தமே இல்ல."

அப்போதுதான் வாசலில் லாரிச் சத்தம். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது, முன்கண்ணாடியில் ராஜா படம். ஸஃபர் குதித்து இறங்கினார். பின்னால் பன்னிரண்டு பதின்மூன்று பேர், கையில் தடி, தலையெல்லாம் புழுதி. கர்லாக்கட்டைக் கூடத்து ஆட்கள்தான்.

அப்பா வாசலை மறிக்கத்தான் ஓடினார். சத்தியமாக மறிக்கத்தான். ஆனால் வாசலில் ஆள் நின்றால் எங்கள் மனிதர்கள் வாயில் ஒன்றுதான் வரும். கோபத்தில் உதடு துடிக்க, அப்பா நெஞ்சில் கை வைத்துக் குனிந்து சொன்னார், "வாங்க, வாங்க, உள்ள வாங்க. உங்க காலடி என் கண்ணு மேல. இது உங்க வீடு."

வந்தவன் என்ன செய்ய வேண்டும்? அவனும் நெஞ்சில் கை வைத்து, "வேண்டாங்க, தொந்தரவு பண்ண மாட்டோம்" என்று மூன்று தடவை மறுக்க வேண்டும். அதுதான் முறை. அழைப்பதும் ஒப்புக்கு, மறுப்பதும் ஒப்புக்கு. ஆனால் அவர்கள் விடியலிலிருந்து தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தவர்கள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஒருத்தன்கூட, ஒரு தடவைகூட, வேண்டாம் என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அழைத்த பிறகு சோறு போடாமல் இருக்க முடியுமா? சாயங்கால விருந்துக்கு வைத்திருந்த செர்ரிப் பழம் போட்ட சோற்று அண்டா வெளியே வந்தது. பிரதமரைக் கவிழ்த்துவிட்டு வந்தவர்கள் என் கல்யாணச் சோற்றில் கை வைத்தார்கள்.

"நல்லாப் பண்ணினே, யதுல்லா!" என்று பெரியம்மா திரைக்குள்ளேயே பொருமினாள். "போய் விசிறியும் எடுத்து வீசு!"

ஸஃபர் மட்டும் சாப்பிடவில்லை. கையில் சட்டம் போட்ட ராஜா படம். "சம்பந்தி, முதல்ல இதை மாட்டுங்க. அப்புறம் நகை, அப்புறம் கல்யாணம்."

"என் வீட்டுச் சுவத்துல அது ஏறாது."

"மாட்டாத வீட்டையெல்லாம் பசங்க கல்லால அடிக்கிறாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கூட்டிட்டு வந்ததே நீங்கதானே! யாரு காசுல கூட்டிட்டு வந்தீங்க? சொல்லுங்க, யாரு காசு?"

"கைக்கு வந்த காசுக்கு நான் ஊர் பேர் விசாரிக்கிறதில்ல."

"நான் விசாரிப்பேன். வெளிநாட்டுக்காரன் காசு அது. எண்ணெயை விட மனசில்லாதவன் காசு!"

ஸஃபர் கழுத்து நரம்பு புடைத்ததாம். "டேய், எந்திரிங்கடா!" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அதில் பெரிய மீசைக்காரன் ஒருத்தன் கவளத்தை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னான், "அண்ணே, அவர் உப்பைத் தின்னுட்டோம். இனிமே இந்த வீட்டுல ஒரு கண்ணாடிகூட நாங்க உடைக்க மாட்டோம். வேணும்னா நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க, சோறு நல்லா இருக்கு."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். உப்பு உப்புதான். யார் பணம் கொடுத்தாலும் அதை மீற எங்கள் தெற்குத் தெஹ்ரான் ரவுடிக்கு மனசு வராது. ஸஃபர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கு உயிர் வந்தது. முடிந்தது, இனி நகையை நீட்டுவார், முல்லா கேட்பார் என்று நினைத்தேன்.

ஆனால் இப்போது அப்பா முறுக்கிக்கொண்டார். "முல்லா ஐயா, நான் குடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கிறேன். இந்த வீட்டுக்கு என் பொண்ணு போக மாட்டா."

"என்னங்க நீங்க!" என்று அம்மா அலறினாள்.

ஈரஜ், "மாமா, நான் என்ன பண்ணினேன்? நான் உங்க கட்சிதானே மாமா" என்றார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. முல்லாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஊர் கலவரத்தில் கிடக்கிறது, அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்குக் கவலை மட்டும் இல்லை, ஆத்திரம். எங்கேயோ இருக்கிற ஒரு நாட்டுக்காரன் எங்கள் எண்ணெய்க்கு ஆசைப்பட்டதற்கு நான் ஏன் ஈரஜை விட வேண்டும்? மூன்று மாதம் கம்பி பிடுங்கியது இதற்கா? துணியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். தலையிலிருந்து சர்க்கரை கொட்டியது. திரையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"முல்லா ஐயா, உக்காருங்க! மூணாவது தடவை கேளுங்க!"

எந்தப் பெண்ணும் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. முற்றத்தில் சோறு மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"போச்சுடா!" என்றாள் பெரியம்மா. "பூப்பறிக்கப் போனவ ஓட்டமா ஓடி வந்துட்டா!"

"நகை?" என்று ஸஃபர் தடுமாறினார்.

"நகையை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்" என்றேன். எங்கள் குடும்பத்தில் நகையில்லாமல் வாயைத் திறந்த முதல் பெண் நான்தான். அம்மா இதை இன்னும் மன்னிக்கவில்லை.

முல்லா அப்பாவைப் பார்த்தார். "அப்பா அனுமதி இல்லாம நான் கேக்க முடியாதும்மா."

அப்பா முற்றத்துத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். திரை விலகிவிட்டதால் இப்போது நானே பார்த்தேன். ஒரு மத்தியானத்தில் பத்து வயசு கூடிவிட்ட மாதிரி இருந்தார். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். எனக்குப் பயமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பிறகு பேசினார், யாரிடம் என்றில்லாமல்.

"இன்னிக்கு நாட்டையே கை மாத்திட்டாங்க. உனக்குச் சம்மதமான்னு நம்மள ஒருத்தன் கேட்டானா? ஒரே ஒரு தடவை? வெளியூர்க்காரன் விலை பேசினான், நம்மாளு கையை நீட்டினான், ரேடியோவுல சொல்லிட்டாங்க, முடிஞ்சு போச்சு." ஸஃபர் தலையைக் குனிந்துகொண்டார். "என் பொண்ண ரெண்டு தடவை கேட்டாச்சு. நானும் கேக்காமலே முடிவு பண்ணினா, நான் மட்டும் யாரு? கேளுங்க, முல்லா ஐயா. அவ என்ன சொல்றாளோ அதுதான்."

முல்லா நின்றபடியே கேட்டார். பெயர் சொல்லி, அப்பா பெயர் சொல்லி, ஒரு சொல் விடாமல்.

இந்தப் பதிலை ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். மெல்ல, வெட்கமாக, காதில் விழுந்தும் விழாமலும் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா பழக்கியிருந்தாள். நான் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"எங்கப்பா அனுமதியோட, பெரியவங்க அனுமதியோட, எனக்கு முழுச் சம்மதம்!"

பெண்கள் குலவையிட்டார்கள். தடிக்காரர்கள் சோற்றுக் கையோடு கைதட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அழுதுகொண்டேதான் ஆட்டினார், ஆனால் ஆட்டினார்.